வெள்ளை சேஜ் (white sage) செடி வளர்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

தெற்கு கலிபோர்னியாவில் இருப்பவர்கள் கொஞ்சம் உதவுங்கள். எங்கள் புதுமனை புகுவிழாவுக்கு ஒருவர், சாம்பிராணி மாதிரி புகை போடச் சொல்லி வெள்ளை சேஜ் என்ற வாசனைச் செடியின் காய்ந்த இலைக்கட்டு ஒன்று கொடுத்தார். அப்புறம்தான் தெரிந்தது, இந்தப் பகுதியின் சூமாஷ், டோங்வா பழங்குடிகளுக்கு இது புனிதமான மருந்துச் செடி, அவர்கள் வேண்டிக்கொண்டு ஒரு செடியில் சில நுனிகளை மட்டும் கிள்ளி வேரைத் தொடாமல் விடுவார்களாம், விற்பனைக்காகத் திருடுபவர்களோ காட்டிலிருந்து மூட்டை மூட்டையாக அள்ளுகிறார்கள். நம் துளசிக் குடும்பம்தான் இதுவும். சரி, வீட்டிலேயே வளர்ப்போம் என்று வாங்கிய நாற்று, துளசிக்கு ஊற்றுவதுபோல நான் தினமும் தண்ணீர் ஊற்றியதில் அடித்தண்டு கறுத்துச் செத்தேபோனது. காட்டில் பிடுங்காமல் விதைபோட்டு வளர்த்து விற்கும் நர்சரி எங்கே இருக்கிறது? கோடையில் எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் விடுகிறீர்கள்? எங்கள் தோட்டம் களிமண், மணல் கலந்தால் போதுமா?