பதில்: வராமல் போகும் சுட்டிச் செய்திகளுக்கு என்ன சொல்?

> விண்டோஸ் நிரலாக்கக் கையேட்டில் ஒரு இயலுக்குத் தலைப்பு தேவை. எதிர்பார்த்த மவுஸ் மெசேஜ் (மவுஸ் நகர்ந்தது, பொத்தான் அழுந்தியது என்று விண்டோஸ் நிரலுக்குச் சொல்லும் செய்தி) வராமல் போனால் எப்படிச் சமாளிப்பது என்பதுதான் இயல். "தொலைந்த சுட்டிச் செய்திகள்" என்று வைத்திருக்கிறேன். சரியா?

வணக்கம்.

"தொலைந்த" வேண்டாம். தொலைந்தது என்றால் ஒன்று கிளம்பி வந்து வழியில் எங்கோ போய்விட்டது என்றாகிறது. படிக்கிற பிள்ளை இயங்குதளத்தில் ஏதோ ஓட்டை என்று நினைத்துக்கொண்டு அதைத் தேடக் கிளம்பிவிடும். விண்டோசில் பெரும்பாலும் கதையே வேறு: நாம் கேட்டு வைக்காததால் செய்தி அனுப்பப்படவே இல்லை, அல்லது பல செய்திகள் ஒன்றாகிவிட்டன, அல்லது வேறு யாரோ வாங்கிக்கொண்டார்கள். மருந்து மூன்றுக்கும் வேறு வேறு, அதனால் பொதுச்சொல் ஒன்று, உள்ளே தனிச்சொற்கள் என்று போகலாம்.

பொதுச்சொல்லுக்கு என் பரிந்துரை "வாராச் செய்தி". வங்கிக்காரர்கள் வாராக்கடன் என்கிறார்களே, அதே வாரா. வர வேண்டியது, கணக்கில் எதிர்பார்த்து வைத்திருக்கிறோம், வரவில்லை. ஏன் வரவில்லை என்பதை அந்தச் சொல் சொல்லாது, நமக்கு வேண்டியதும் அதுதான்.

அப்புறம் தனிச்சொற்கள். (செய்திப் பெயர்களின் முன்னொட்டை எல்லா இடத்திலும் விட்டுவிடுகிறேன், தமிழ் எழுத்தில் படிக்கக் கண்ணைக் கட்டுகிறது.)

முதல் வகை, மவுஸ்லீவ். சுட்டி சாளரத்தை விட்டு வெளியேறினால் இது தானாக வந்துவிடும் என்று எல்லோரும் எதிர்பார்ப்போம். வராது. ட்ராக்மவுஸ்ஈவென்ட் என்ற செயற்கூறை அழைத்து "வெளியேறினால் சொல்" என்று சொல்லி வைத்தால்தான் வரும், அதுவும் ஒரே ஒரு தடவை. வந்ததும் அந்த ஏற்பாடு ரத்து. சுட்டி மறுபடி உள்ளே நுழையும்போது, அதாவது சுட்டி நகர்ந்ததைச் சொல்லும் அடுத்த மவுஸ்மூவ் வரும்போது, மறுபடி சொல்ல வேண்டும். பொத்தான் மேல் சுட்டி போனதும் நிறம் மாறி, முதல் தடவை ஒழுங்காகப் பழைய நிறத்துக்குத் திரும்பி, இரண்டாம் தடவை அப்படியே நின்றுவிடுகிறது என்று யாராவது கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்லலாம். விண்டோஸ் 95 இல் இந்த வசதியே கிடையாது, டைமர் வைத்து சுட்டி எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான், 98 இலும் என்டி 4.0 இலும்தான் வந்தது.

இதற்கு "கேளாச் செய்தி", "கோராச் செய்தி" என்று இரண்டு யோசனைகள் வந்திருந்தன. இரண்டும் ஆகாது. கோராத செய்தி என்றால் கேட்காமலே வந்து விழும் குப்பை அஞ்சல் என்றுதான் யாரும் படிப்பார்கள், பொருள் தலைகீழாகிவிடுகிறது. வராத செய்திக்குப் பெயர் வைப்பதைவிட அதை வரவழைக்கும் செயலுக்குப் பெயர் வைப்பது மேல்: "ஒருமுறைப் பதிவு". ஒருமுறை என்பது பெயரிலேயே இருந்தால் மறுபடி பதிய வேண்டும் என்பதும் மறக்காது.

இரண்டாம் வகைதான் எனக்குப் பிடித்தது. சுட்டி நகரும் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு மவுஸ்மூவ் நிரலின் செய்தி வரிசையில் போய் நிற்பதில்லை. "நகர்ந்தது" என்று ஒரு குறி மட்டும் போடப்படுகிறது, நம் நிரல் அடுத்து வரிசையைக் கேட்கும்போது அந்த நேரத்து இடத்தை வைத்து ஒரே ஒரு செய்தி உருவாகிறது. நிரல் வேறு வேலையில் மாட்டிக்கொண்டிருந்தால் இடைப்பட்ட புள்ளிகள் அவ்வளவும் அந்த ஒன்றுக்குள் அடங்கிவிடும். ஓவிய நிரல் எழுதியவர்கள் பார்த்திருப்பீர்கள், வேகமாக வட்டம் போட்டால் பலகோணம் வரும். ஆனால் அந்தப் புள்ளிகள் அழியவில்லை. கெட்மவுஸ்மூவ்பாயின்ட்ஸ்இஎக்ஸ் என்று கேட்டால் கடைசி 64 புள்ளிகள் வரை கிடைக்கும். இணைய உலாவிகளிலும் இதே ஏற்பாடு உண்டு, பாயின்டர் நிகழ்வில் கெட்கோஅலெஸ்டுஈவென்ட்ஸ் என்று அழைத்து உள்ளே இருப்பதை எடுக்கலாம்.

வெளியே தெரியாமல் உள்ளே மறைந்து நிற்பது, வேண்டும்போது விரிக்கலாம். இதற்கு நம் இலக்கணத்தில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது: தொகை. வேற்றுமை உருபு தொக்கி நிற்கிறது, காலம் தொக்கி நிற்கிறது என்று பள்ளியில் படித்தோமே, அதே தொக்கி நிற்றல். "தொகைநிலைச் செய்தி" என்கலாம், ஒன்றுசேர்க்காமல் தனித்தனியாக வருபவை "தொகாநிலைச் செய்தி". எதிர்ச்சொல்லும் கூடவே கிடைப்பது பெரிய வசதி.

மூன்றாவது, பிடி: சுட்டி எங்கே போனாலும் அதன் செய்திகள் ஒரே சாளரத்துக்கு வரும் ஏற்பாடு. இடப்பொத்தானை அழுத்திக்கொண்டு இழுக்கிறோம், சாளரத்துக்கு வெளியே போய் விரலை எடுக்கிறோம், லெஃப்ட்பட்டன்அப் நமக்கு வராது. பிடியை நமக்கு வாங்கித் தரும் செயற்கூறுதான் செட்கேப்சர். லினக்ஸ், யுனிக்ஸ் கணினிகளின் எக்ஸ் சாளர முறையில் பொத்தானை அழுத்தியதும் பிடி தானாகவே அழுத்திய சாளரத்துக்குக் கிடைத்துவிடும், மேக்கிலும் இழுப்பும் விடுப்பும் அழுத்திய இடத்துக்கே வந்து சேரும், விண்டோசில்தான் நாமே பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்தாலும் நிச்சயமில்லை. நடுவில் ஒரு அறிவிப்புப் பெட்டி தோன்றினாலோ, பயனர் ஆல்ட்-டேப் அடித்தாலோ பிடி போய்விடும், விரலை எடுத்த செய்தி வேறெங்கோ போகும், நம் நிரல் இன்னும் இழுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே பிடி போனதைச் சொல்லும் கேப்சர்சேஞ்ச்டு வந்தால் இழுவையை முடித்துவிட வேண்டும். அதற்கும் மேலே, ஒவ்வொரு மவுஸ்மூவிலும் பொத்தான் இன்னும் அழுந்தியிருக்கிறதா என்ற கொடி கூடவே வருகிறது. இழுவை நடப்பதாக நாம் நினைத்திருக்கும்போது அந்தக் கொடி இல்லையென்றால் விடுப்புச் செய்தி வாராமல் போய்விட்டது என்று பொருள், அங்கேயே முடித்துக்கொள்ளலாம். கையேட்டில் வேறு எதை விட்டாலும் இந்த ஒரு வரியை விட வேண்டாம்.

இதற்கு "பிடி நழுவல்" என்று வைக்கலாமா?

---

> "தொகைநிலைச் செய்தி" என்கலாம்

இலக்கணம் படித்தவருக்கு இனிக்கும், மற்றவர்களுக்குத் தொகை என்றால் பணம். தொகு என்ற வினையும் காலியாக இல்லை. தமிழ் விக்கிப்பீடியாவில் எடிட் பொத்தானே "தொகு"தான், கம்பைலரைத் தொகுப்பி என்கிறவர்களும் இருக்கிறார்கள். "செய்திகளைத் தொகுத்தல்" என்று எழுதினால் யாரோ உட்கார்ந்து செய்தித்தாள் தயாரிப்பது போலிருக்கிறது. "ஒருங்கிய செய்தி" போதாதா?

பிடி நழுவலிலும் எனக்குத் தயக்கம். நாமே ரிலீஸ்கேப்சர் அழைத்துப் பிடியை விட்டாலும் அதே கேப்சர்சேஞ்ச்டு வந்து நிற்கும். அது நழுவல் இல்லையே? இது தெரியாமல் முடிப்பு வேலையை இரண்டு இடத்திலும் எழுதி, அது இரண்டு தடவை ஓடித் தொல்லை தருவது அடிக்கடி நடக்கிறது. "பிடிமாற்றம்" என்றால் விட்டதும் அடங்கும், பறிபோனதும் அடங்கும்.

வாராச் செய்தி பிரமாதம். இரட்டைச் சொடுக்கை ஏன் விட்டுவிட்டீர்கள்? இரண்டாவது அழுத்தத்துக்கு லெஃப்ட்பட்டன்டவுன் வருவதில்லையே.

---

பிடிமாற்றம் நன்றாக இருக்கிறது, என்னுடையதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நழுவல் பேச்சில் இருந்துவிட்டுப் போகட்டும்.

தொகு வினை பற்றி நீங்கள் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், அதை வினையாகப் பயன்படுத்த வேண்டாம். ஆனால் "ஒருங்கிய" என்றால் பல சேர்ந்து ஒன்றாயின என்பதோடு நின்றுவிடுகிறது, உள்ளே இருப்பதை மீட்கலாம் என்பது வருவதில்லை. தொகைநிலை என்று "நிலை" சேர்த்துச் சொன்னால் பணக்குழப்பமும் வராது, தொகைநிலைத் தொடர் என்று படித்த யாரும் வங்கியை நினைத்ததில்லை. வினைக்கு "தொக்கி நிற்றல்" போதும். தொக்குநிலை என்று மட்டும் யாரும் சுருக்கிவிடாதீர்கள், தக்காளி வாசனை வரும்.

இரட்டைச் சொடுக்கு: சாளர வகுப்பில் இரட்டைச் சொடுக்கு வேண்டும் என்ற பாங்கை (ஸ்டைல்) கொடுத்திருந்தால்தான் இந்தச் சிக்கல். அப்போது வரிசை அழுத்தம், விடுப்பு, இரட்டை, விடுப்பு என்று வரும். எண்ணைக் கூட்டும் மேலம்புப் பொத்தானைக் கடகடவென்று அழுத்தினால் எண் பாதிதான் ஏறுகிறது என்ற புகாரெல்லாம் இதனால்தான். செய்தி வந்திருக்கிறது, பெயர் மாறி வந்திருக்கிறது, அதனால் வாராச் செய்திக் கணக்கில் இதைச் சேர்க்க மாட்டேன். பாங்கை எடுத்துவிடுங்கள், அல்லது இரண்டு செய்திக்கும் ஒரே வேலையைக் கொடுங்கள் என்று ஒரு பத்தி போதும், தனிச்சொல் தேவையில்லை.

இன்னொன்று மிச்சமிருக்கிறது. தலைப்புப் பட்டையை அழுத்தினால் நான்-கிளையன்ட் (சாளரத்தின் உட்பகுதி அல்லாத சட்டகம்) அழுத்தச் செய்தி வருகிறது, அதை வழக்கம்போல இயங்குதளத்திடம் ஒப்படைத்தால் அது சாளரத்தை நகர்த்தும் தனிச் சுழலுக்குள் போய்விடுகிறது, விடுப்பை அந்தச் சுழலே விழுங்கிவிடுகிறது. இங்கே பிடிமாற்றம் என்று சொன்னால் பொருந்துமா, "விழுங்கிய செய்தி" என்று தனியாக வைக்க வேண்டுமா? எனக்கு இரண்டாவது பக்கம்தான் மனம் போகிறது. மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.