‘கன்னங்குறிச்சி வீட்டார்’ குழு: விசிறி நின்ற விமானம்

அண்ணன்: 📷 4 படங்கள்

அண்ணன்: கேல்ஸ்பர்க் வந்திருக்கிறேன். இல்லினாய்ஸில் சின்ன ஊர், சின்ன விமான நிலையம். செப்டம்பர் வந்தால் ஸ்டியர்மேன் என்ற பழைய இரட்டை இறக்கைப் பயிற்சி விமானங்கள் எல்லாம் இங்கே கூடும்.

பெரியம்மா: கண்ணு, மூன்றாவது படத்தில் விசிறி நின்றுபோயிருக்கிறதே! உள்ளே ஆள் வேறு இருக்கிறார்!

அண்ணன்: நன்றாகத்தான் சுற்றியது பெரியம்மா 😄

மாமா: மாப்பிள்ளை, ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது?

அண்ணன்: 1/1600 நொடி மாமா.

மாமா: அதுதான் விஷயம். விசிறி தெரியாத ஜெட்டுக்கு அது சரி. இந்த விசிறி நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றும் என்று வை, 1/1600-ல் துளிதான் நகரும். பொம்மையை நூலில் தொங்கவிட்ட மாதிரி இருக்கிறது. 1/100-க்கு வா. மூன்றில் ஒரு சுற்று போய்விடும், அழகாக வட்டம் விழும்.

அண்ணன்: அப்போது விமானமே கலங்கிவிடுகிறதே மாமா?

மாமா: கலங்கும். முக்கால்வாசி படம் குப்பைக்குத்தான். கையை மட்டும் ஆட்டாதே, இடுப்போடு திரும்பு. பட்டனை அமுக்கிய பிறகும் விமானத்தோடு திரும்பிக்கொண்டே இரு. நல்ல வெயிலா? ஒளி உணர்வு ஐஎஸ்ஓ 100, லென்ஸ் துவாரம் எஃப் 16. பிலிம் காலத்துக் கணக்கு, இன்னும் பொய்க்கவில்லை.

நான்: அண்ணா, ஒன்று முழு மஞ்சள், இன்னொன்று நீல உடம்பு மஞ்சள் இறக்கை. ஏன்?

அண்ணன்: மஞ்சள் கடற்படை, நீலம் தரைப்படை. இரண்டாம் உலகப்போர் நேரத்தில் அமெரிக்காவில் விமானம் ஓட்டக் கற்றவர்கள் நிறையப் பேருக்கு இதுதான் முதல் வண்டி. 8,000-க்கு மேல் செய்தார்கள். போர் முடிந்ததும் விற்றுத் தள்ளிவிட்டார்கள். நிறைய விமானம் வயலுக்கு மருந்து அடிக்கப் போனது.

மாமா: நம் விமானப்படையிலும் அப்போது இரட்டை இறக்கைதான். டைகர் மாத் என்ற பயிற்சி விமானம்.

சித்தப்பா: இரண்டு சீட் இருக்கிறதே, வாத்தியார் எதில்?

அண்ணன்: முன்னால். மாணவன் பின்னால். தனியாக ஓட்டினாலும் பின் சீட்தான்.

சித்தப்பா: அப்புறம் எதிரே எப்படித் தெரியும்? நம்ம ஊர் டிரைவிங் ஸ்கூலே தேவலை.

அண்ணன்: தரையில் ஓடும்போது தெரியாதுதான் சித்தப்பா. வால் கீழே, மூக்கு மேலே. அதனால் வளைந்து வளைந்து வருவார்கள். எனக்கு லாபம், நின்ற இடத்திலேயே இரண்டு பக்கமும் கிடைக்கும்.

அண்ணன்: 📷 படம்

அண்ணன்: மாமா, இது 1/100.

மாமா: வட்டம் வந்துவிட்டது. வால்தான் கொஞ்சம் ஆடியிருக்கிறது. இன்னும் எடு.

பெரியம்மா: மேலே மூடியே இல்லையே, மழை வந்தால்?

அண்ணன்: நனைய வேண்டியதுதான்.

நான்: மாமா, நானும் பழகணும். கமலாபுரம் விமான நிலையத்துக்குப் போகலாமா? ஏடிஆர் விமானத்தில் விசிறி உண்டே.

மாமா: அங்கே கேமராவைத் தூக்கினால் செக்யூரிட்டி கேள்வி கேட்பார்கள். அஸ்தம்பட்டியில் ஏற்காடு பஸ்ஸை எடு. சக்கரம் சுற்ற வேண்டும், போர்டு படிக்க வர வேண்டும். 1/30.

நான்: சனிக்கிழமை?

மாமா: ஏழு மணிக்குள் வா. வெயில் ஏறினால் 1/30-க்குத் துவாரத்தை எஃப் 22 வரை சுருக்கினாலும் படம் வெளுத்துவிடும்.

சித்தப்பா: ரோட்டில் இறங்கி நிற்காதீர்கள், இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.