வீடு மாறியபின் இரவெல்லாம் கத்தும் பூனை

கேள்வி: வீட்டுக்குள்ளேயே வளரும் நாலு வயது ஆண் பூனை. புது வீட்டுக்கு வந்ததிலிருந்து அறை அறையாகச் சுற்றுகிறது, ராத்திரி கதவைப் பிறாண்டிக் கத்துகிறது. எப்படி அமைதிப்படுத்துவது?

பதில் 1: முழு வீட்டையும் ஒரேயடியாகத் திறந்துவிட்டதுதான் சிக்கல். பூனை இடத்தை வாசனையால்தான் அறியும்; அங்கே அதன் வாசனையே இல்லை. ஒரே அறையில் வையுங்கள். மணல் தட்டு ஒரு மூலை, சாப்பாடும் தண்ணீரும் எதிர்மூலை, ஒளிய ஒரு அட்டைப்பெட்டி. பழைய படுக்கைத் துணியைத் துவைக்காதீர்கள், அதுதான் இப்போது பெரிய ஆறுதல். மெல்லிய துணியால் அதன் கன்னத்தைத் தடவி, அதன் உயரத்தில் கதவு விளிம்பு, மேசைக்கால்களில் தேயுங்கள். நன்றாகச் சாப்பிட்டு, வாலைத் தூக்கி நடந்தால் அடுத்த அறையைத் திறக்கலாம்.

பதில் 2: ராத்திரி கத்தலுக்கு: படுக்கும் முன் 10-15 நிமிடம் கயிற்று பொம்மையைத் துரத்தவிட்டு, உடனே சாப்பாடு. வேட்டை, உணவு, தூக்கம் என்பதே அதன் இயல்பு. கத்தும்போது எழுந்துபோனால் கத்தினால் ஆள் வரும் என்று பழகிவிடும். திட்டவும் வேண்டாம், பயம் கூடும்.

பதில் 3: ஒன்றை மட்டும் கவனியுங்கள், ஆண் பூனை என்பதால் சொல்கிறேன். மணல் தட்டுக்கு அடிக்கடி போய் முக்கியும் சிறுநீர் வரவில்லையென்றால் அடைப்பாக இருக்கலாம். அப்போதே மருத்துவரிடம் ஓடுங்கள். 24 மணி நேரம் எதுவும் சாப்பிடாவிட்டாலும் காட்டுங்கள், பட்டினி ஈரலைக் கெடுக்கும். ஜன்னல் வலை உறுதியா என்றும் பாருங்கள்.