திரும்பி வரும்வரை கழற்றாத காப்பு

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து

வியட்நாம் போரில் சிறைப்பட்டவர்கள், காணாமற்போனவர்கள் ஆகியோரின் பெயர் பொறித்த உலோகக் காப்பை எழுபதுகளில் அணிந்தவர்களும், அணிந்தவர்களை அருகிலிருந்து பார்த்தவர்களும் நம்மிடையே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அந்தக் காலத்திலேயே அமெரிக்கா வந்து சேர்ந்த தமிழர்கள் பலர் இப்போது எண்பதை நெருங்குகிறோம். நினைவில் இருப்பதை இப்போதே எழுதிவைத்துவிட வேண்டும் என்ற எண்ணத்தில் என்னுடைய அனுபவத்தை முதலில் சொல்கிறேன்.

1971 செப்டம்பரில், திருமணமாகி நான்கே மாதத்தில், பொறியியல் மேற்படிப்பில் இருந்த என் கணவரிடம் வந்து சேர்ந்தேன். சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில் ஒரு சிறிய குடியிருப்பு. எதிர்வீட்டில் இருந்தவர் தொடக்கப் பள்ளி ஆசிரியை. அவர் மணிக்கட்டில் அரை அங்குல அகலத்தில் வெள்ளி நிறப் பட்டை ஒன்று எப்போதும் இருக்கும். பாத்திரம் கழுவும்போதும் துணி உலர்த்தும்போதும்கூட அதை அவர் கழற்றியதில்லை. ஒருநாள் கேட்டேன். கையை நீட்டிக் காட்டினார். படைப்பதவியின் சுருக்கம், ஒரு பெயர், ஒரு தேதி, இவ்வளவுதான் அதில் இருந்தது. உறவினரா என்று கேட்டேன். அந்த மனிதரை அவர் பார்த்ததே இல்லை. அவர் திரும்பி வரும்வரை, அல்லது அவருக்கு என்ன ஆயிற்று என்று தெரியும்வரை கழற்றுவதில்லை என்ற உறுதியோடு வாங்கி அணிந்ததாகச் சொன்னார்.

அந்தக் காப்பு பிறந்ததே எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில்தான் என்பது பிறகு தெரிந்தது. நார்த்ரிட்ஜில் இருந்த அரசுக் கல்லூரியில் படித்த கேரல் பேட்ஸ், கே ஹன்டர் என்ற இரு மாணவிகள் வீவா என்ற மாணவர் அமைப்பைச் சேர்ந்தவர்கள். ராபர்ட் டோர்னன் என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியாளர், வியட்நாமின் மலைவாழ் மக்களிடம் பெற்ற காப்பு ஒன்றை, அந்தப் போரில் துன்பப்படுகிறவர்களின் நினைவாக அணிந்திருந்தார். அதைப் பார்த்த மாணவிகளுக்கு, அதே போன்ற காப்பில் ஆளுக்கொரு பெயரைப் பொறித்தால் என்ன என்று தோன்றியிருக்கிறது. 1970 நவம்பர் 11 அன்று, முன்னாள் படைவீரர் நாளில், திட்டத்தை அறிவித்தார்கள். நிக்கல் பூச்சுக் காப்பு இரண்டரை டாலர், செப்புக் காப்பு மூன்று டாலர். உச்சத்தில் ஒரே நாளில் 12,000 கடிதங்கள் வந்ததாகவும், 1976இல் அமைப்பை மூடும்வரை ஏறத்தாழ 50 லட்சம் காப்புகள் கொடுக்கப்பட்டதாகவும் சொல்வார்கள். போரை ஆதரித்தவர்களும் அணிந்தார்கள், எதிர்த்து ஊர்வலம் போனவர்களும் அணிந்தார்கள். அந்த நாட்களில் இவ்விரு தரப்பாரும் ஒரே மேசையில் அமர்வதே அரிதாக இருந்தது.

நானும் ஒன்று வாங்கினேன். நாம் மாணவர் விசாவில் வந்தவர்கள், இது நம் நாட்டுப் போரும் இல்லை, எதற்கு இந்த வம்பு என்று என் கணவர் தயங்கினார். ஆனால் எதிர்வீட்டு அம்மையாரின் கையைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. எனக்கு வந்தது, 1967 இலையுதிர்காலத்தில் காணாமற்போன கடற்படை விமானி ஒருவரின் பெயர். அவருடைய குடும்பத்தாரைக் கேட்காமல் பெயரை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. வலக்கையில் கண்ணாடி வளையல்களும் இடக்கையில் இந்தக் காப்புமாக இருந்த என் புகைப்படத்தைப் பார்த்து, லால்குடியிலிருந்து என் அம்மா, அது என்ன நகை என்று கேட்டு எழுதினார். விவரம் எழுதினேன். அடுத்த கடிதத்தில் ஒரே வரியில் பதில் வந்தது. "காப்புக் கட்டியிருக்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன், திருவிழா முடியாமல் அவிழ்க்காதே." மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியவர் ஊரெல்லையைத் தாண்ட மாட்டார் என்பதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். நான் இரண்டு பக்கம் எழுதி விளக்க முயன்றதை அம்மா ஒரே சொல்லில் புரிந்துகொண்டார்.

1973 ஜனவரியில் பாரிஸில் போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானது. பிப்ரவரி 12 அன்று ஹனோயிலிருந்து கைதிகளை ஏற்றிய முதல் விமானங்கள் பிலிப்பைன்ஸின் கிளார்க் தளத்தில் இறங்கின. ஏழரை ஆண்டு சிறையில் இருந்த ஜெரமையா டென்டன் முதலாவதாக இறங்கி வந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். ஏப்ரல் தொடக்கம்வரை 591 பேர் திரும்பினார்கள். செய்தித்தாளில் ஒவ்வொரு பட்டியல் வரும்போதும் நானும் எதிர்வீட்டு அம்மையாரும் ஆளுக்கொரு பென்சிலோடு உட்காருவோம். அவருடைய ஆள் மார்ச் மாதப் பட்டியலில் வந்துவிட்டார். என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். பின் என் கையைப் பார்த்துப் பேச்சை நிறுத்திக்கொண்டார். என் விமானியின் பெயர் எந்தப் பட்டியலிலும் வரவில்லை.

1974இல் பிரசவத்துக்குப் போனபோது நகைகளையெல்லாம் கழற்றச் சொன்னார்கள். தாலியைக் கழற்றிக் கணவரிடம் கொடுத்துவிட்டேன், காப்பைக் கழற்ற மட்டும் கை வரவில்லை. செவிலியர் ஒருவர் அதைத் திருப்பிப் பெயரைப் படித்தார். ஒன்றும் சொல்லாமல் வெள்ளை ஒட்டுத்துணியை எடுத்துக் காப்பின் மேல் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டார். அவருடைய மணிக்கட்டிலும் காப்பு கிடந்த வெளிர்த்தடம் இருந்தது.

உங்களுடையது எவ்வாறு முடிந்தது என்று சொல்லுங்கள்.

*

ஒஹையோவிலிருந்து

நான் இங்கேயே பிறந்தவள், தமிழைப் பிறகு முயன்று கற்றுக்கொண்டவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 1972இல் ஐந்தாம் வகுப்பு படித்தபோது எங்கள் வகுப்பில் பாதிப் பேர் கையில் இந்தக் காப்பு இருந்தது. என்னுடையது செப்புக் காப்பு. மூட்டுவலிக்குச் செம்பு நல்லது என்று அப்பா அதைத் தேர்ந்தெடுத்தார், குளித்து முடிக்கும்போதெல்லாம் மணிக்கட்டில் பச்சைக் கறை வட்டமாகப் படிந்திருக்கும். என் காப்பிலிருந்தவர் 1973 மார்ச்சில் உயிரோடு திரும்பினார். ஆசிரியை சொன்னபடி காப்பைக் கடிதத்தோடு அவருக்கு அனுப்பிவைத்தேன். நான்கு மாதம் கழித்து அச்சிட்ட நன்றி அட்டை ஒன்று வந்தது, அதன் அடியில் பேனாவால் "உன் கணக்குப் பாடம் எப்படிப் போகிறது?" என்று எழுதியிருந்தார். கணக்கு வரவில்லை என்று என் கடிதத்தில் புலம்பியிருந்தேன். திரும்பி வந்தவர்களுக்கு ஆயிரக்கணக்கில் காப்புகள் குவிந்த நாட்கள் அவை. என் கடிதத்தை அவர் முழுவதும் படித்திருக்கிறார் என்பதை எண்ணி இன்றும் வியக்கிறேன்.

*

சான் ஹோசேயிலிருந்து

நான் காப்பு அணிந்ததில்லை. எண்பதுகளில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்த வியட்நாமியப் பெண்மணி ஒருவரைப் பற்றி எழுத விரும்புகிறேன். தென்வியட்நாமின் தலைநகர் சைகோன் வீழ்ந்த பின் படகில் தப்பி வந்தவர். எங்கள் மேற்பார்வையாளர் கையில் இந்தக் காப்பு இருந்தது, செப்டம்பர் மூன்றாம் வெள்ளியன்று, போர்க்கைதிகளையும் காணாமற்போனோரையும் நினைவுகூரும் நாளில், "உங்களை மறக்கவில்லை" என்ற வாசகமுள்ள கறுப்புக் கொடியைத் தன் மேசையில் வைப்பார். ஒருநாள் உணவு இடைவேளையில் அந்தப் பெண்மணி என்னிடம் மட்டும், தன் அண்ணன் தென்வியட்நாம் படையில் இருந்து காணாமற்போனவர் என்றும், அவர் பெயர் எந்த உலோகத்திலும் இல்லை என்றும் மெதுவாகச் சொன்னார். வடக்கிலும் தெற்கிலும் காணாமற்போன வியட்நாமியர் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. மேற்பார்வையாளரின் காப்பு வேலையின்போது எங்கேயாவது சிக்கி நெளிந்தால், அதை விரலால் அழுத்தி வட்டமாக்கித் தருவது எப்போதும் அவர்தான்.

*

சென்னையிலிருந்து

இதைப் படிக்கும்போது எனக்கு நம் நாட்டுக் கதை நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. 1971 போரில் காணாமற்போய், பாகிஸ்தான் சிறைகளில் இருக்கக்கூடும் என்று நம்பப்பட்ட இந்தியப் படையினர் 54 பேர். 2007இல் உறவினர்கள் குழு ஒன்று அங்குள்ள சிறைகளுக்கே போய்த் தேடிவிட்டு, யாரையும் காணாமல் திரும்பியது. என் பெரியப்பா அந்தப் போரில் மேற்கு எல்லையில் இருந்தவர், தன் படைப்பிரிவைச் சேர்ந்த ஒருவரைப் பற்றிச் சாகும்வரை "இருக்கிறான்" என்றுதான் பேசுவார், "இருந்தான்" என்று சொன்னதில்லை. அந்த 54 பெயர்களையும் நாம் யாரும் கையில் அணிந்ததில்லை என்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

*

வாஷிங்டனிலிருந்து

பணி ஓய்வுக்குப் பின் பதினொரு ஆண்டுகளாக வியட்நாம் நினைவுச்சுவரில் தன்னார்வலராக மஞ்சள் சட்டை அணிந்து நிற்கிறேன். காப்போடு வருகிறவர்களை ஏறக்குறைய ஒவ்வொரு வாரமும் பார்க்கிறேன் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

1982 நவம்பரில் திறக்கப்பட்ட அந்தக் கருங்கல் சுவரில் 58,000க்கும் மேற்பட்ட பெயர்கள் அகர வரிசையில் இல்லை, இறந்த அல்லது காணாமற்போன நாளின் வரிசையில் இருக்கின்றன. ஆகவே காப்பிலுள்ள தேதியே சுவரில் வழிகாட்டும். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் சிறு குறி ஒன்று உண்டு. சாய்சதுரம் இருந்தால் மரணம் உறுதியானது, சிலுவைக் குறி இருந்தால் இன்னும் கணக்கில் வராதவர். எலும்போ பல்லோ கிடைத்து ஆய்வகத்தில் அடையாளம் உறுதியானால், சிலுவையின் மேலேயே சாய்சதுரத்தைச் செதுக்கிவிடுவார்கள். உயிரோடு ஒருவர் திரும்பினால் சிலுவையைச் சுற்றி வட்டம் செதுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இன்றுவரை ஒரு வட்டமும் செதுக்கப்படவில்லை. யாரையாவது உயிரோடு விட்டுவிட்டார்களா என்ற ஐயம் பல ஆண்டுகள் குடும்பங்களை வாட்டியது, அதை ஆராய்ந்த செனட் குழு, எவரும் உயிரோடு சிறையில் இருப்பதற்கு வலுவான சான்று இல்லை என்று 1993இல் அறிக்கை தந்தது.

போர் முடிந்தபோது கணக்கில் வராதவர்கள் 2,600க்கும் மேல். இப்போதும் 1,500க்கும் மேற்பட்டோர் அப்பட்டியலில் உள்ளனர். 1988 முதல் வியட்நாமியரும் அமெரிக்கரும் சேர்ந்து விமானம் விழுந்த இடங்களைத் தோண்டுகிறார்கள். வெட்டிய மண்ணைச் சல்லடையில் கொட்டிக் கையாலேயே அலசித் தேடுகிறார்கள். அங்குள்ள மண் அமிலத்தன்மை மிகுந்தது, எலும்பை விரைவில் தின்றுவிடும், பல நேரம் ஒரு பல்தான் மிஞ்சும். உறவினர் கொடுக்கும் இரத்தம் அல்லது உமிழ்நீர் மாதிரியோடு அதன் மரபணுவை ஒப்பிட்டு முடிவு சொல்வார்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அயோவாவிலிருந்து ஒரு மூதாட்டி வந்தார். கைப்பையில் கைக்குட்டைக்குள் காப்பு. தேதியைக் கேட்டு, சுவரில் அதற்குரிய கற்பலகைக்கு அழைத்துப்போனேன். பெயரை விரலால் தடவியவர், பக்கத்துக் குறியில் விரலை நிறுத்தி, இது என்ன, சிலுவைதான் இருக்கும் என்று சொன்னார்களே என்றார். உற்றுப் பார்த்தால் சிலுவையின் மேல் சாய்சதுரம் இருந்தது, வெட்டு புதிதென்பதால் ஓரங்கள் மற்றவற்றைவிட வெளுப்பாக இருந்தன. அவர் கிடைத்துவிட்டார் அம்மா என்று சொன்னேன். வெகுநேரம் அங்கேயே நின்றார். பிறகு காப்பைச் சுவரின் அடியில் வைத்தார், இரண்டடி நடந்தார், திரும்பி வந்து எடுத்துக்கொண்டார், மறுபடி வைத்தார். சுவரடியில் வைக்கப்படுகிறவற்றைப் பூங்காத் துறையினர் எடுத்துப் பாதுகாக்கிறார்கள் என்று சொன்ன பிறகே அவர் மனம் சமாதானமாகி நடந்தார்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. காப்பைக் குடும்பத்தாருக்கு அனுப்ப நினைப்பவர்கள் முதலில் ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். நாற்பது காப்புகளை ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டதாக, அதைத் திறக்கவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை என்று ஒரு மகள் என்னிடம் சொன்னார். ஒவ்வொன்றும் அன்போடு வந்ததுதான். ஆனாலும் அப்பா போனதை ஒவ்வொரு உறையும் மறுபடி அவருக்குச் சொல்லியிருக்கிறது.

*

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து

எழுதிய அனைவருக்கும் என் நன்றி. அந்த மகள் சொன்னதைப் படித்த பிறகு, இத்தனை ஆண்டுகளாக அனுப்பலாமா வேண்டாமா என்று நான் தயங்கியது சரிதான் என்று படுகிறது.

என் காப்பு 1986இல் உடைந்தது. வீட்டுவேலையில் இடிக்காமலிருக்க மேலே தள்ளித் தள்ளி விரிந்து சுருங்கியதில், பெயரின் நடுவிலேயே விரிசல் கண்டு இரண்டாகிவிட்டது. அந்த ஆண்டு ஊருக்குப் போனபோது திருச்சியில் எங்கள் குடும்பத்துப் பத்தரிடம் கொடுத்தேன். முன்பக்கம் பற்றுப்பொடி வைத்து ஊதினால் எழுத்து அடைபட்டுவிடும் என்று சொல்லி, உட்பக்கம் மெல்லிய செப்புத் தகடு ஒன்றை வளைத்து வைத்துப் பற்றவைத்தார். அவர் எதுவும் கேட்கவில்லை. முடித்துக் கையில் கொடுக்கும்போது மட்டும், "வந்துவிட்டாரா அம்மா?" என்று கேட்டார். என் அம்மா எப்போதோ அவரிடம் சொல்லியிருக்கிறார்.

இப்போது மூட்டு வீங்குவதால் அணிவதில்லை. பூஜை அலமாரியில் இருக்கிறது. வாஷிங்டன் ஐயாவுக்குத் தேதியையும் பெயரையும் தனிமடலில் அனுப்பியிருக்கிறேன். சுவரில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் என்ன குறி இருக்கிறது என்று பார்த்துச் சொன்னால் போதும், நான் நேரில் வரும் நிலையில் இல்லை.

*

வாஷிங்டனிலிருந்து

அம்மா, இன்று காலை ஏழரை மணிக்கே போய்விட்டேன். இரவு பெய்த மழையில் கல் ஈரமாக இருந்ததால் துடைத்து உலரவிட வேண்டியிருந்தது. பெயர் என் தோள் உயரத்தில் இருக்கிறது. சிலுவைக் குறிதான் இருக்கிறது, மேலே வேறு எதுவும் செதுக்கப்படவில்லை. காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுத்தேன், குறியும் சேர்ந்து விழுமாறு இரண்டாம் முறையும் எடுத்தேன். மடிக்காமல் அட்டைக்குள் வைத்து அனுப்ப வேண்டும், வீட்டு முகவரியைத் தனிமடலில் எழுதுங்கள்.