மூச்சா, சுவாசமா, உயிர்ப்பா? நான்காம் ஆண்டுப் பயிற்சித் தாளுக்கு ஒரு சொல்

சுங்கை சிப்புட்டிலிருந்து, தமிழ்ப்பள்ளி ஆசிரியை:

குழும அன்பர்களுக்கு வணக்கம். நான்காம் ஆண்டு அறிவியலில் மனிதனின் சுவாசம் பற்றிய பயிற்சித் தாளை மலாயிலிருந்து தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். ஒரு நிமிடத்திற்கு எத்தனை முறை மூச்சு விடுகிறோம் என்பதைக் குறிக்கும் 'காடார் பெர்னாபாசான்' என்ற மலாய்த் தொடரில் வந்து நிற்கிறேன். சென்ற ஆண்டு 'சுவாச விகிதம்' என்று எழுதினேன். கணிதத்தில் விகிதம் என்பது இரண்டு அளவுகளின் ஒப்பீடாயிற்றே என்று சக ஆசிரியர் கேட்டபோது என்னிடம் விடையில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. திடலை இரண்டு முறை சுற்றி ஓடிவந்து சுவரில் சாய்ந்து நின்ற மாணவனின் வயிற்றில் அவன் தோழன் உள்ளங்கையை வைத்து எண்ணினான். கை எழும்போது ஒன்று, தாழும்போது இரண்டு என்று எண்ணியதால் ஒரு நிமிடத்திற்கு 76 வந்தது. உண்மையில் அது 38. எதை எண்ணுவது என்பதையும் சொல்லே காட்டிவிட்டால் நன்றாக இருக்கும்.

தெலுக் இந்தானிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மையீர், சுவாசமும் விகிதமும் வடசொற்கள். இரண்டையும் ஒருங்கே விலக்கும் வாய்ப்பு தங்கள் கைக்கு வந்திருக்கிறது. உயிர்த்தல் என்றாலே மூச்சுவிடுதல்தான். துயரில் விடும் நீண்ட மூச்சை இன்றும் நெட்டுயிர்ப்பு என்கிறோம். எழுத்துகளின் பிறப்பைச் சொல்லவந்த தொல்காப்பியரே உந்தியிலிருந்து எழும் வளியில்தான் தொடங்குகிறார். மூச்சு, மொழி, உயிர் மூன்றும் ஓரிடத்தில் பிணைந்திருப்பதை 'உயிர்ப்பு' என்ற சொல்லே காட்டும்.

விகிதத்திற்கு மாற்றாகச் சொல்லப்படும் 'வீதம்' என்பதையும் தமிழென்று ஏற்க எனக்கு மனமில்லை. நம் முன்னோர் ஆளுக்கு இத்தனை மேனி என்று பங்கு பிரித்தார்கள்; வயலின் விளைச்சலையும் மேனி கொண்டே சொன்னார்கள். ஆகவே, 'உயிர்ப்பு மேனி' என்பதே என் பரிந்துரை.

கூலிமிலிருந்து, தோட்ட மருந்தகத்தில் முப்பது ஆண்டு டிரசராக (மருத்துவ உதவியாளராக) இருந்தவர்:

ஐயாவின் புலமை மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆயினும் 'மேனி' என்றதும் பிள்ளை தன் உடம்பைத்தான் நினைப்பான். 'உயிர்ப்பு' என்றதும் எங்கள் தோட்டத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு உயிர்ப்பு ஞாயிறு (ஈஸ்டர்) நினைவுக்கு வரும். தூய தமிழ்தான் வேண்டுமென்றால் மூச்சும் தூய தமிழே. பேசு பேச்சாவது போல, வீசு வீச்சாவது போல, மூசு மூச்சாயிற்று என்பது என் துணிபு. அப்பர் 'மூசு வண்டறை பொய்கை' என்று பாடிய இடத்தில் மூசுதல் வண்டுகள் மொய்ப்பதைக் குறிக்கும்; மொய்க்கும் வண்டின் இரைச்சலையும் இளைப்புக்காரரின் நெஞ்சில் கேட்கும் இரைச்சலையும் காது கொடுத்துக் கேட்டவர்களுக்கு இந்த உறவு விளங்கும்.

விடியற்காலைப் பெரட்டுக்கு (வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் இடத்திற்கு) போகாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் தாய், "பிள்ளைக்கு மூச்சு வாங்குதுங்க" என்றுதான் சொல்வார். நான் சட்டையைத் தூக்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு முழு நிமிடம் எண்ணுவேன். இருமலோடு வரும் ஒன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைக்கு எண்ணிக்கை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் நுரையீரல் அழற்சியோ என்று ஐயுற வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். ஓய்விலிருக்கும் பெரியவருக்கு 12 முதல் 20 வரை இயல்பு. பிறந்த குழந்தைக்கு 30 முதல் 60 வரை இருக்கலாம். காய்ச்சல், அச்சம், வலி, உயர்ந்த மலைப்பகுதி ஆகியவை எண்ணிக்கையைக் கூட்டும். உறக்கமும் அபின் வகை மருந்துகளும் குறைக்கும்.

தாளில் ஒரு பிழை நேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிராணவாயு குறைவதால்தான் மூச்சு விரைகிறது என்று பலர் எழுதுகிறார்கள். நெஞ்சறைக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள தசையான உதரவிதானம் சுருங்கித் தட்டையாகும்போது நெஞ்சறை விரிந்து, உள்ளழுத்தம் குறைந்து, காற்று உள்ளே வருகிறது. அதற்கான கட்டளை மூளையின் முகுளத்திலிருந்து பிறக்கிறது. நலமாக உள்ளவரிடம் முகுளத்தைப் பெரிதும் தூண்டுவது இரத்தத்தில் கூடும் கரியமில வாயுவே. மூச்சை அடக்கினால் திணறச் செய்வதும் பெரும்பாலும் அதுதான். பிராணவாயு வெகுவாகக் குறையும்போது, கழுத்துத் தமனிகளை ஒட்டியுள்ள சிற்றுறுப்புகள் அதை உணர்ந்து செய்தி அனுப்புகின்றன. மூச்சைச் சீர்ப்படுத்துவதில் கழுத்துத் தமனிக்கும் பெருந்தமனிக்கும் உள்ள பங்கைக் கண்டறிந்தமைக்காகவே பெல்ஜியத்தின் உடலியல் அறிஞர் ஹேமன்சுக்கு 1938-ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

'மூச்சு வேகம்' மட்டும் வேண்டாம். அது காற்று பாயும் வேகமாகிவிடும். 'மூச்சு வீதம்' போதும்.

சுங்கை சிப்புட்டிலிருந்து, ஆசிரியை:

அனைவருக்கும் நன்றி. இடைநிலைப்பள்ளியில் உயிரியல் கற்பிக்கும் தோழி ஒருவரும் தனிமடலில் மூச்சையே ஆதரித்தார். உயிரணுவுக்குள் உணவிலிருந்து ஆற்றல் வெளிப்படுவதும் சுவாசம்தான். அங்கே நெஞ்சும் இல்லை, எண்ணுவதற்கும் எதுவுமில்லை என்பது அவர் வாதம். முழு நிகழ்வுக்குச் சுவாசம், எண்ணத்தக்கதற்கு மூச்சு என்று பிரித்துக்கொண்டேன். கருத்துச் சொன்ன எழுவரில் ஐவர் 'மூச்சு வீதம்' என்றதால் அதுவே அச்சுக்குப் போயிற்று. 'உள்மூச்சும் வெளிமூச்சும் சேர்ந்ததே ஒரு மூச்சு' என்ற வரியைத் தடித்த எழுத்தில் சேர்த்திருக்கிறேன்.

தெலுக் இந்தானிலிருந்து:

அச்சானது அச்சானபடியே இருக்கட்டும். பிள்ளைகளுக்குத் தாள் உரிய நாளில் கிடைப்பதே முதன்மையானது. ஆயினும் 'வீதம்' குறித்த என் மறுப்பைக் குழுமத் தொகுப்பில் பதிவுசெய்ய வேண்டுகிறேன். முதலாம் ஆண்டிலேயே உயிரெழுத்தையும் உயிர்மெய்யையும் படித்துவிட்ட குழந்தைக்கு உயிர்ப்பு எவ்வாறு கடினமாகும் என்ற கேள்விக்கு இன்னும் எவரும் விடை தரவில்லை.