நீலகிரியில் ஆற்றோடு நிதானமாகப் படகில் செல்ல இயலுமா?

கோத்தகிரி வாசகர்:
என் தந்தைக்கு வயது 72. பவானிக் கரையில் வளர்ந்தவர் என்பதால், ஏரியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்குவது அவருக்குப் படகுப் பயணமாகவே தோன்றுவதில்லை. நீரின் போக்கிலேயே, எப்போதாவது துடுப்புப் போட்டுக்கொண்டு, கரையோர மரங்களைப் பார்த்தபடி ஒரு பகலைக் கழிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார். நண்பர் ஒருவர் இருவர் அமரக்கூடிய கேனோ படகை இரவல் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மலையிலோ அடிவாரத்திலோ அதற்கேற்ற ஆறு உண்டா?

மஞ்சூர்க்காரர்:
மலைமேல் இல்லை என்றே சொல்ல வேண்டும். நம் ஆறுகள் ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் பிறந்து மிகக் குறுகிய தொலைவுக்குள் சமவெளிக்கு இறங்கிவிடுவதால், படகு மிதக்கும் அளவுக்கு அவை எங்கும் நின்று நடப்பதில்லை. பைக்காரா அருவியாக விழுந்து, மாயாறாகி, முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டிய ஆழமான பள்ளத்தாக்கில் ஓடுகிறது. அங்கே நாமாகப் படகு இறக்குவது நடவாத காரியம்.

பில்லூர் அணைக்குக் கீழே பவானியில் இறக்கலாம் என்ற எண்ணம் இருந்தால், தயவுசெய்து அதைக் கைவிடுங்கள். மின் உற்பத்திக்காக அணையிலிருந்து தண்ணீர் விடும்போது, மழையே இல்லாத நாளிலும் ஆறு சட்டென்று உயரும். நெல்லித்துறைப் பக்கம் கணுக்கால் அளவு நீரில் நின்றிருந்த நாங்கள், பாறைமேல் கழற்றி வைத்த செருப்புகள் மிதந்து போவதைக் கண்ட பிறகுதான் கரைக்கு ஓடினோம்.

காரமடை ஆசிரியர்:
மேலே சொன்ன எச்சரிக்கை முற்றிலும் சரி. ஆனால் அதே அணைக்கு மேற்புறம் உங்கள் தந்தைக்கேற்ற இடம் ஒன்று இருக்கிறது. பில்லூர் நீர்த்தேக்கத்தின் கரையிலுள்ள பரளிக்காட்டில், வனத்துறையினர் அங்குள்ள பழங்குடி மக்களைக் கொண்டு பரிசல் பயணம் நடத்துகிறார்கள். வார இறுதியில்தான் செல்ல முடியும். முன்பதிவு இல்லாமல் போகக் கூடாது.

கேனோவுக்குக் கூர்முனை உண்டு, நேராகப் போகும். பரிசலுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பரிசல்காரர் தமக்கு எதிரே நீரில் துடுப்பை ஊன்றித் தம்மை நோக்கி இழுத்து இழுத்தே அதை நகர்த்துகிறார். அவர் கை ஓய்ந்தால் அது மெல்லச் சுழலத் தொடங்கிவிடும். நாங்கள் சென்றபோது அவர் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் பேசாதிருந்தார். எதிரே இருந்த மலை மெதுவாகத் திரும்பி முதுகுப்பக்கம் போயிற்று. துடுப்பின் நுனியிலிருந்து நீர் சொட்டும் ஓசை மட்டுமே கேட்டது. அந்தச் சில நிமிடங்களுக்காகவே மீண்டும் போகலாம் என்பேன்.

கரையேறியதும் கேழ்வரகுக் களியும் கீரையும் பரிமாறினார்கள். பிற்பகலில் அத்திக்கடவில், ஓடும் பவானியிலேயே குளிக்கலாம். பரிசலில் இருப்பது ஒரு பகல் முழுவதும் அன்று. ஆனால் அன்றைய பகல் முழுவதும் ஆற்றோடுதான் கழியும்.

கோத்தகிரி வாசகர்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கேனோ வேண்டாம் என்று நண்பரிடம் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு. பரிசலில் ஏறி இறங்குவது சிரமமாக இருக்குமா?

காரமடை ஆசிரியர்:
ஏறும்போது விளிம்பை மிதிக்க விடாதீர்கள். ஒரு பக்கம் பாரம் ஏறினால் பரிசல் சாயும். பரிசல்காரர் விளிம்பைப் பிடித்துக்கொள்ள, நீங்கள் அப்பாவின் கையைப் பற்றி அவரை நேரே நடுவில் கால் வைக்கச் செய்யுங்கள். உயரமான இருக்கை வேண்டாம், ஆட்டம் கூடும். மடித்த போர்வை ஒன்றைப் போட்டுக் காலை நீட்டி உட்காரட்டும். மிதவை அங்கியை இறுக்கமாகக் கட்டிவிடுங்கள்.

மஞ்சூர்க்காரர்:
கோத்தகிரியிலிருந்து வருவதால் மேட்டுப்பாளையம், காரமடை வழியே செல்லுங்கள். எங்கள் ஊர் வழியாக கெத்தைக்கு இறங்கினால் 43 கொண்டை ஊசி வளைவுகள். அந்த முழங்காலோடு அவ்வளவு நேரம் காரில் மடங்கி உட்கார வேண்டாம். எந்த வழியானாலும் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுங்கள், அந்தச் சாலைகளில் யானை நடமாட்டம் உண்டு.