சுனாமி நாட்களில் ரொறன்ரோ வானொலியில் நிதி சேர்த்தோம்: நேரலைக்குப் பின்னால் இருந்தவர்களின் அனுபவங்கள்

தயாரிப்பில் இருந்தவர், ஸ்கார்பரோ

2004இல் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அடித்தபோது ரொறன்ரோவில் நத்தார் இரவு பத்து மணியளவில் இருக்கும். அன்றிரவு எங்கள் தமிழ் வானொலியின் தொலைபேசி ஓயவே இல்லை. அழைத்த எல்லோரும் உறவுகளைத் தேடித்தான் அழைத்தார்கள். நிதி சேகரிப்பு நேரலையைத் தயாரிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தபோது, காசு தருபவர்களும் ஆளைத் தேடுபவர்களும் ஒரே இணைப்பில் முட்டி மோதப்போகிறார்கள் என்பதுதான் முதல் கவலை.

தமிழ்க் கடைகள் நிறைந்த வணிக வளாகம் ஒன்றின் நடையில் மேசை போட்டோம். அறிவிப்பாளர் ஒருவர் அங்கே, மற்றவர் கலையகத்தில். ஒலிவாங்கிக்கு முன்னால் வந்தவர்களில் பலர் தங்கள் பெயரைச் சொல்லவே விரும்பவில்லை. "என் பெயர் எதற்குத் தம்பி, என் ஊர் உடுத்துறை என்று வாசியுங்கள்" என்றார் ஒரு பெரியவர். ஓர் ஊர்ச் சங்கம் ஆயிரத்தொரு டொலர் என்று அறிவித்தால், அரை மணி நேரத்தில் பக்கத்து ஊர்க்காரர் ஆயிரத்து ஐந்நூற்றொன்றோடு வந்து நிற்பார்கள். அந்தப் போட்டியை நான் நன்றாகவே ஊதிவிட்டேன். மற்ற நாட்களில் எரிச்சலூட்டும் ஊர்ப்பற்று அன்றைக்கு மருந்துக்கும் கூடாரத்துக்கும் ஆகட்டுமே!

நேயர்களுக்குக் கேட்பது குரல். தயாரிப்பாளரின் உயிரை வாங்குவது கணக்குப் புத்தகம். அதில் 'சொன்னது', 'வந்தது' என்று இரண்டு பத்திகள். கனடாவில் வரிச் சலுகைக்கான பற்றுச்சீட்டைப் பதிவு பெற்ற தொண்டு நிறுவனம்தான் கொடுக்கலாம், அதுவும் கைக்கு வந்த பணத்துக்கு மட்டும். ஆகவே வானொலியின் பெயருக்குக் காசோலை எழுதி வந்தவர்களைத் திருப்பி எழுத வைத்தோம். சிலருக்குக் கோபம்தான். தகுதி பெற்ற நிறுவனங்களுக்குத் தனி ஆட்கள் கொடுப்பதற்கு ஈடாகத் தானும் கொடுப்பதாக அரசு அறிவித்து, அந்தக் காலக்கெடுவை 2005 ஜனவரி 11 வரை நீட்டியதும் 'பிறகு தருகிறேன்' என்றவர்கள் அவசரமாக வரத் தொடங்கினார்கள். "அண்ணை, சொன்ன தொகையை வாசித்தால்தானே சனம் உற்சாகப்படும்" என்று அறிவிப்பாளர் எவ்வளவோ கேட்டார். வந்ததை மட்டும் வாசிக்க விட்டேன்.

ஒரு சிறுவன் உண்டியலோடு வந்தான். மேசையில் கொட்டினால் எல்லாம் குற்றிகள். இருபத்தைந்து சதக் குற்றி நாற்பதைத் தாள் உறையில் சுருட்டினால் பத்து டொலர். இருவர் எண்ண, மூன்றாமவர் கையெழுத்துப் போட்டார். அவன் எண்ணி முடியும்வரை நகரவில்லை. ஒரு சுருளைத் தானே சுருட்டினான்.

பின்னிரவில் ஓர் அம்மா பத்து டொலர் என்று சொல்லிவிட்டு, முல்லைத்தீவில் இருந்த தமக்கையைப் பற்றிப் பேசத் தொடங்கினார். ஒலிக் கட்டுப்பாட்டில் இருந்த தம்பி என்னைப் பார்த்தார். விடு என்று கை காட்டினேன். கொஞ்ச நேரத்தில் இன்னொருவர் அழைத்து, அந்தக் குடும்பத்தை முள்ளியவளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கண்டதாகத் தன் அண்ணன் சொன்னார் என்றார். மறுநாள் தேடுபவர்களுக்கென்று தனி இணைப்பு போட்டோம்.

தொலைபேசி மேசையில் இருந்தவர், மார்க்கம்

அண்ணை, அந்தப் போட்டியைப் பற்றி எனக்கு வேறு அபிப்பிராயம். ஆயிரத்தொன்றுக்குப் பின்னால் வரிசையில் நிற்பவர் இருபது டொலரைச் சொல்லக் கூசுகிறார். "பிள்ளை, இதை வாசிக்காதேங்கோ" என்று எத்தனை பேர் என்னிடம் மெல்லச் சொன்னார்கள். சிலர் தொகையைச் சொல்லாமலே தொலைபேசியை வைத்துவிட்டார்கள். உங்கள் புத்தகத்தில் அவர்களுக்குப் பத்தி இல்லை.

தயாரிப்பில் இருந்தவர், ஸ்கார்பரோ

உண்மைதான் தங்கச்சி. நீங்கள் அன்று வந்து சண்டை பிடித்த பிறகுதான் நள்ளிரவுக்கு மேல் தொகைகளை விட்டுப் பெயரையும் ஊரையும் மட்டும் வாசித்தோம். ஊர்ச் சங்கங்கள் முணுமுணுத்தன. தொழிற்சாலைகளில் இரவு வேலை முடித்து வந்தவர்களோ அப்போதுதான் அழைக்கத் தொடங்கினார்கள். விடியும்வரை உங்கள் மேசைக்கு இன்னும் இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.